எட்டு ஜிபி பத்தவில்லை

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. தில்லைநகரில் ஒரு மாடியில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்த ஹெலனுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க வந்த நீலமேகத்துக்கு நாற்பத்து நான்கு. அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். இதில் இருவருக்கும் கூச்சம் கிடையாது.

நீலமேகம் வேலை பார்த்த கம்பெனியை மூடி எட்டு மாதம் ஆகிறது. வீடு இப்போது அவர் மனைவி பூரணியின் ஆன்லைன் கணக்கு வகுப்பில் ஓடியது. அதற்கும் ஆபத்து வந்திருந்தது. ஒரு மாதமாகப் பாதி வகுப்பில் அவள் படம் அப்படியே நின்றுவிடுகிறது. இன்று ஏழு மணி வகுப்பை, அந்த ஆன்லைன் வகுப்பு நடத்தும் கம்பெனியின் மேலாளர் உட்கார்ந்து பார்க்கப் போகிறார். இன்னொரு தடவை நின்றால் வேறு டீச்சரைப் போட்டுவிடுவார்கள்.

ஐந்து மணிக்கு நீலமேகம் கடைக்கு வந்து, தன் லேப்டாப்பை மேஜை மேல் வைத்தார். மலிவான மாடல்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். கேம் ஆடுறப்ப இது திணறுது. வேற வாங்குறதா, இல்ல உள்ள இன்னும் ஏதாவது ஏத்துறதா?"

"இன்னும்னா? ஏற்கெனவே ஏத்திருக்கீங்களா?"

"எட்டு ஜிபி ராம் ஒண்ணு போட்டேன். பத்தல."

"கேம் எதுக்குண்ணே அவ்ளோ முக்கியம்?"

நீலமேகம் லேப்டாப் மூடியை விரலால் துடைத்தார்.

"அங்க நாலு பேர் என்கூட ஆடுறாங்க. நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு ஒருத்தனும் கேட்டதில்ல."

ஹெலனுக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அதை மறைக்கவும் இல்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பதினோரு திருகுகளையும் கழற்றி, அடி மூடியைத் திறந்தாள்.

"பாருங்க. கேமுக்கு வேண்டிய கிராஃபிக்ஸ் சிப்பு போர்டோடவே ஒட்டியிருக்கு. அத மாத்தவே முடியாது. பதினாறு என்ன, முப்பத்திரண்டு போட்டாலும் இது இப்படித்தான் திணறும். போட்ட எட்டும் வீண்."

சொல்லிக்கொண்டே அந்த விரல் நீள ராம் மெமரி அட்டையைப் பிடுங்கித் திருப்பினாள்.

விளக்கடியில் கொண்டுபோய் மறுபடி பார்த்தாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. விற்கிற ஒவ்வொரு பாகத்தின் அடியிலும் ஹெலன் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்து, அதன் பக்கத்தில் வாங்கியவரின் முதல் எழுத்தைப் பொடியாக எழுதுவாள். வேறு கடைப் பாகத்தைக் கொண்டுவந்து யாரும் வாரண்டி கேட்டுவிடக் கூடாதே என்றுதான். பதினைந்து நாள் சீடருக்கு அவள் இதை இன்னும் சொல்லித் தரவில்லை.

செங்கல் நிறப் பொட்டு. பக்கத்தில் 'பூ'.

"இத யாருண்ணே குடுத்தது?"

"ஃப்ரெண்டு ஒருத்தர்."

ஹெலன் அலமாரியிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நீலமேகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடி மேல் ஒட்டியிருந்த பெருக்கல் வாய்ப்பாடு அவர் தினமும் வீட்டில் பார்ப்பதுதான்.

"மத்தியானம் அண்ணி கொண்டுவந்தாங்க. இன்னும் பிரிக்கல. பிரிங்க."

"மாஸ்டர்..."

"பிரிங்கண்ணே."

பிரித்தார். ஒரு திருகு கை தவறி உருண்டு ஓடியது. குனிந்து எடுத்தார். மூடி திறந்தது. ராம் இருக்க வேண்டிய ஸ்லாட் காலி.

"அடப்பாவி!" என்றாள் ஹெலன். குரு சீடனிடம் பேசுகிற மரியாதையெல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. அந்த ராம் இல்லாவிட்டால் மிச்சம் போர்டோடு ஒட்டிய வெறும் நாலு ஜிபி. வீடியோ வகுப்புக்கு அது எந்த மூலைக்கு?

"ஒரு வாரத்துக்குத்தான் எடுத்தேன் மாஸ்டர். திருப்பி வச்சிரலாம்னு இருந்தேன். அவளுக்கு நிக்குறது நெட்டாலன்னு..."

"நெட்டாலன்னு நீங்க சொன்னீங்களா?"

அவர் தலையை ஆட்டினார்.

"அண்ணி மத்தியானம் என்கிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா?"

"புதுசு வாங்கணுமான்னா?"

"இல்ல. நான் ரொம்ப வேகமா பேசுறேனா, அதான் லேப்டாப் தாங்காம நின்னுருதான்னு கேட்டாங்க. ஒரு மாசமா மெதுவா பேசிப் பழகுறாங்களாம். சமையக்கட்டுல நின்னு, ஒவ்வொரு வார்த்தையா."

நீலமேகம் அதைக் கேட்டிருக்கிறார். பக்கத்து அறையில் ஹெட்ஃபோனைக் கழற்றும்போதெல்லாம் கேட்டிருக்கிறார். ஐந்தோடு... ஏழைக்... கூட்டினால்... ஏதோ வாடிக்கையான முணுமுணுப்பு என்று மறுபடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டிருக்கிறார். தன்மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

ராமை எடுத்தார். ஸ்லாட்டில் சாய்த்து வைத்து அழுத்தினார். அது உட்கார்ந்தது. மூடி, திருகி, சுவிட்ச் போட்டார். திரை மளமளவென்று எழுந்தது. வகுப்புப் பக்கம் நொடியில் திறந்தது.

லேப்டாப்பை ஹெலன் பக்கம் திருப்பினார்.

"சரியாயிருச்சு மாஸ்டர். இனிமே நிக்காது. அவ வந்தா, ராம் லூசா இருந்துச்சு, அழுத்தி விட்டோம்னு சொல்லிருங்களேன். இதோட முடிஞ்சிரும். என் லேப்டாப்பு எப்படியோ போகட்டும், நான் கேமே ஆடல."

கீழே ஸ்கூட்டி வந்து நின்றது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியிலிருந்து பூரணியின் குரல் வந்தது.

"ஹெலன்... ரெடி... ஆயிருச்சா... மா?"

நீலமேகம் ஹெலனைப் பார்த்தார். அவள் ஸ்க்ரூடிரைவரை டப்பாவில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"லேப்டாப் ரெடிண்ணே. பழையபடி வேகமாவே பேசலாம்னு அவங்களுக்கு நீங்கதான் சொல்லணும். நான் போய் டீ வாங்கிட்டு வரேன்."