உலகம்மை அழாமல் காது குத்திக்கொண்டது

ஊமத்தங்குடி எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தெரியாது. "நாங்க உள்ளேயேல்லா இருக்கோம், வெளியே நின்னு பார்த்தவங்களைக் கேளுங்க" என்பார்கள். வெளியே நின்று பார்த்தவர்கள் சிரிப்பார்களே தவிர ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அந்த ஊரில் வடிவு என்கிற பெண்ணுக்கு ஒரு கவலை வந்தது. அவள் மகள் உலகம்மைக்குப் பதினோரு மாதம். ஆண்டு நிறைவதற்குள் காது குத்தியாக வேண்டும். போன ஆவணியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் திருவிழாவில் எவனோ குத்திய காது சீழ் பிடித்துப் பணியாரம் போல வீங்கிவிட்டது. பத்து நாள் அந்தப் பிள்ளை அழுத அழுகை வடிவின் வயிற்றுக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. உலகம்மையின் காதோ வெற்றிலைக் கொழுந்து. வெயிலில் காட்டினால் பின்னால் பிடித்திருக்கும் விரல் சிவப்பாகத் தெரியும். அதில் போய் ஊசியா?

"எம்பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூடாது" என்று புருஷன் ஆவுடையப்பனிடம் சொல்லிவிட்டாள். "விட்டா, அதைத் தூக்கிக்கிட்டு எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன். பொறவு வரமாட்டேன்."

அவள் போய்விட்டால் சோறு யார் பொங்குவது என்று ஆவுடையப்பன் யோசித்தான். விடை கிடைக்காததால் சொந்தக்காரர்களைக் கூட்டினான்.

கூட்டத்துக்குத் தலைமை ஆவுடையப்பனின் அண்ணன் கோமதிநாயகம். அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார். அதில் கண்ணாடி இருக்காது. கண்ணாடி வழியே பார்த்தால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, சட்டத்தை மட்டும் மரியாதைக்கு வைத்துக்கொண்டார். வடிவின் தம்பி பூதலிங்கமும் வந்திருந்தான். தாய்மாமன் அவன், அவன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். காதுக்குச் சொந்தக்காரியையும் அந்தக் காதைப் பெற்றவளையும் தவிர எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் வாசல்படி ஓரம் நிற்க இடம் கிடைத்தது.

ஆவுடையப்பன் டவுனுக்குப் போய் ஒரு நகைக்கடையில் விசாரித்துவிட்டு வந்திருந்தான்.

"அண்ணே, அங்க வலியே தெரியாதாம். துப்பாக்கி வச்சு டப்புன்னு முடிச்சிருதாங்களாம்."

கூட்டம் பாயோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தது.

"எத்தனை அடி தூரத்துல நின்னு சுடுவாங்களாம்?" என்று கோமதிநாயகம் கேட்டார்.

"அதக் கேக்கலை."

"அதக் கேக்காம வேற என்னத்தைக் கேட்டே?"

பூதலிங்கம் இடையில் புகுந்தான். "அண்ணாச்சி, அதுல ஒரு சௌகரியம் இருக்கு. இந்தக் காதுல சுட்டா குண்டு அந்தக் காது வழியா வெளியே வந்துரும். ஒரே வெடியில ரெண்டு காதும் முடிஞ்சுது."

எல்லோரும் தலையாட்டினார்கள். நெடுநேரம் கழித்துக் கோமதிநாயகம், "நடுவுல தலை இருக்கே" என்றார்.

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. அவருடைய கூர்மையை ஊர் வியந்தது. துப்பாக்கி வேண்டாம் என்று முடிவாயிற்று.

அடுத்த புதன்கிழமை தடுப்பூசி போட வந்த நர்ஸிடம் வடிவே போய்க் கேட்டாள். பின்னாலேயே கூட்டமும் போய் நின்றது. நர்ஸ் வெளியூர்க்காரி, பாவம்; கேட்டவர்களுக்குப் புரியும் என்று நம்பிச் சொன்னாள்.

"யார் குத்தினாலும் மூணு விஷயம் கவனிங்க. ஊசியை இருபது நிமிஷம் தண்ணியில கொதிக்க வைங்க. குத்தப்போறவர் குத்தின காதைப் பார்த்துட்டு, அது நல்லா ஆறியிருந்தா மட்டும் அவர்கிட்ட போங்க. குத்தின பிறகு ஆறு வாரம் காலையும் சாயங்காலமும் உப்புத்தண்ணியில துடைச்சு விடுங்க. கம்மலை மட்டும் கழட்டாதீங்க, கழட்டினா தூர்ந்துபோயிடும்."

மூன்றையும் மூன்று பேர் ஆளுக்கொன்றாக மனதில் வாங்கிக்கொண்டு, சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

முதலில் ஊசி. வடிவு அடுப்பில் பானை வைத்து, தண்ணீர் ஊற்றி, ஊசியைப் போட்டாள். இருபது நிமிஷம் கழித்துக் கரண்டியால் எடுத்து ஆவுடையப்பன் அமுக்கிப் பார்த்தான்.

"வேகலை."

இன்னும் இரண்டு விறகு வைத்தாள். ஒரு மணி நேரம் போயிற்று. கோமதிநாயகம் ஊசியை விரலால் நசுக்கிப் பார்த்து, விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"நறுக்குன்னு இருக்கு. கொஞ்சம் ஆப்பசோடா போடும்மா. கொண்டைக்கடலைக்குப் போடுவேல்லா?"

போட்டாள். பொழுது சாயும்வரை கொதித்தது. ஊசி மட்டும் மனம் இளகவே இல்லை. முற்றின ஊசி என்று அதை வீசிவிட்டு, கடையில் போய் இளசாக ஒன்று கேட்டு வாங்கிவந்தார்கள். கடைக்காரனும் ஊமத்தங்குடிக்காரன்தான், இருந்ததில் பிஞ்சாகப் பார்த்துக் கொடுத்தான். இருபது நிமிஷத்தில் எடுத்தார்கள். சின்ன ஊசியாக இருந்ததால் வெந்திருக்கும் என்று எல்லோருக்கும் திருப்தி.

இரண்டாவது விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. வேலாயுதம் ஆசாரி பக்கத்து ஊர்த் தட்டார். நாற்பது வருஷமாக நகை செய்து, காது குத்தி வருகிறவர். அந்தப் பக்கத்து வீட்டுக் காதைத் தவிர ஊமத்தங்குடியில் அவர் குத்தாத காது இல்லை. எல்லாம் நன்றாக ஆறியும் இருந்தன.

"அப்ப அவரையே கூப்பிட்டுருவோம்" என்றான் ஆவுடையப்பன்.

"அவசரப்படாதே" என்றார் கோமதிநாயகம். "அவர் குத்தினதெல்லாம் யார் காது?"

"நம்ம காதுகதான்."

"நமக்குக் குத்துனா நம்ம காது ஆறும். உலகம்மை காதை அவரு குத்தி யாரும் பாத்திருக்கோமா? குத்தின காதைப் பாத்துட்டுத்தான் குத்தணும்னு நர்ஸம்மா சொல்லிருக்கு. இந்தக் காதை முதல்ல குத்திப் பாக்கணும். நல்லா ஆறுச்சுன்னா, பொறவு தைரியமாக் குத்தலாம்."

"குத்திட்டுத்தான் குத்தணுமா?" என்று வடிவு மெல்லக் கேட்டாள்.

"அதுதான் பாதுகாப்பு" என்றார் அவர்.

இதற்கு வழி தெரியாமல் மூன்று நாள் எல்லோரும் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது நாள் உலகம்மையைப் பார்க்க வந்த பூதலிங்கம் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். இரண்டு காதும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஆவுடையப்பன் பார்த்துவிட்டு, "மாமன் காதை அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்றான். பிள்ளை பிறந்த அன்றிலிருந்து ஊரே சொல்லுகிற பேச்சு.

கோமதிநாயகம் எழுந்து நின்றார்.

"அப்படியேன்னா?"

"அப்படியேதான் அண்ணே. மேல வளைவு, கீழ தொங்கல், எல்லாம்."

"ரெண்டும் ஒரே காதுதானே?"

"ஒரே காதுதான்."

"அப்ப மாமன் காதைக் குத்துனா பிள்ளை காதைக் குத்துன மாதிரிதானே!"

பூதலிங்கத்துக்கு மட்டும் காது குத்தவில்லை. குத்த வேண்டிய வயதில் அவன் மரத்தில் ஏறிக்கொண்டு இறங்கவில்லை. அந்தக் காதுகள் இருபத்தெட்டு வருஷமாகச் சும்மா இருந்தன. எல்லோரும் அவற்றையே பார்த்தார்கள். வடிவுக்குத்தான் பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. பெற்றால் இப்படி ஒரு தம்பியைப் பெற வேண்டும் என்று செத்துப்போன அப்பாவை நினைத்துக் கண் கலங்கினாள்.

நல்ல நாள் பார்த்தார்கள். பந்தல் போட்டார்கள். மேளக்காரர் வந்தார். காது குத்துகிற அன்றே முடியும் இறக்க வேண்டும் என்பது வழக்கம். உலகம்மையின் உச்சந்தலைச் சுழி அப்பனைக் கொண்டது என்பதால் ஆவுடையப்பனைப் பிடித்து உட்காரவைத்து மொட்டை அடித்துச் சந்தனம் தடவினார்கள். பிள்ளை அசையவே இல்லை என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்து மடி. குத்திக்கொள்கிறவர் தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். பூதலிங்கத்தின் தாய்மாமன் சண்முகவேலுக்கு எழுபத்திரண்டு வயது. சாப்பாடு என்று சொல்லி அழைத்துவந்திருந்தார்கள். அவர் பாயில் உட்கார்ந்தார். அவர் மடியில் பூதலிங்கம் உட்கார்ந்தான். காதுக்குச் சொந்தக்காரி இல்லாமல் எப்படி என்று பூதலிங்கம் மடியில் உலகம்மையை வைத்தார்கள்.

"ஏலே, மூச்சு முட்டுது" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"பொறுங்க மாமா, பச்சைப் பிள்ளைக்குக் காது குத்துதோம்" என்று அதட்டினார் கோமதிநாயகம்.

ஆசாரி ஊசியோடு வந்து, மூன்றடுக்கையும் பார்த்துவிட்டு, உச்சியில் இருந்தவளிடம் குனிந்தார். கூட்டமே சிரித்தது.

"என்ன ஆசாரியாரே, நாப்பது வருஷ அனுபவம்ங்கீரு, எந்தக் காதுன்னு தெரியலையா?"

ஆசாரி விளக்கத்தைக் கேட்டார். "எனக்கு எந்தக் காதுன்னாலும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் பூதலிங்கத்தின் காதைப் பிடித்தார்.

பூதலிங்கம் போட்ட கூச்சலில் பந்தலில் இருந்த காக்கைகள் பறந்தன. உலகம்மை தலையைத் திருப்பி மாமன் முகத்தைப் பார்த்தாள். இப்படி ஒரு வேடிக்கையை அவள் பார்த்ததே இல்லை. இரண்டே பல் தெரியச் சிரித்தாள்.

வடிவு கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு சொட்டுக் கூட இல்லை.

ஆறு வாரமும் அவள் பிள்ளையின் காதைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டாள். காலையும் மாலையும் தம்பியைத் திண்டில் சாய்த்து உப்புத்தண்ணீரில் துடைத்தாள். தூசு படும் என்று அவனை வயலுக்கு விடவில்லை. சிவப்புக்கல் வைத்த கம்மல் இரண்டும் அவன் மீசைக்குப் பக்கத்தில் மினுங்கின. கண் பட்டுவிடாமல் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தாள். பார்க்க வந்தவர்கள் அவன் தாடையைப் பிடித்துக் கொஞ்சி, "காது நல்லா ஆறிட்டு வருது பாப்பாவுக்கு" என்று சொல்லிப் போனார்கள்.

ஆறு வாரம் முடிந்தது. கோமதிநாயகம் வந்து பார்த்தார்.

"ஆறிருச்சு. இனி கம்மலைப் பிள்ளைக்கே போட்டுறலாம்."

பூதலிங்கத்தின் காதிலிருந்து கழற்றினார்கள். வடிவு உலகம்மையை மடியில் போட்டுக்கொண்டு ஓட்டையைத் தேடினாள். முன்னால் தேடினாள், பின்னால் தேடினாள். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். வெற்றிலைக் கொழுந்து அப்படியே இருந்தது. ஒரு வடு இல்லை. இங்கே ஊசியே பட்டதில்லையோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அது அவள் வீட்டுக்குப் புதிதாக வந்த எண்ணம்; உட்காரச் சொல்ல ஆளில்லாததால் திரும்பிப் போய்விட்டது.

"பெரியத்தான், ஓட்டையக் காணோம்!"

கோமதிநாயகம் சட்டத்தை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். "தூர்ந்துட்டு" என்றார் துக்கமாக. "கழட்டாதீங்கன்னு நர்ஸம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு. கழட்டினோம்லா? இளங்காது, கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள மூடிருச்சு."

"பூதலிங்கத்துக்கு மூடலையே?" என்றான் ஆவுடையப்பன்.

"அவனுக்கு முரட்டுத் தோலு."

மறுபடி நாள் பார்த்தார்கள். மறுபடி பந்தல். சண்முகவேலு இந்த முறை சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழைய ஓட்டைக்கு மேலே அரை விரற்கடை தள்ளி ஆசாரி மையால் புள்ளி வைத்தார். பூதலிங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவை பிள்ளைக்கே குத்திப் பாத்தா என்ன?"

மேளம் நின்றது. ஒரு கொலைகாரனைப் பார்க்கிறதுபோல ஊரே அவனைப் பார்த்தது.

"தாய்மாமனாலே நீ?" என்றார் கோமதிநாயகம். "பதிமூணு மாசக் குருத்துலே அது. அதைப் போய் குத்தச் சொல்லுதே, உனக்கு வாய் எப்படிலே வந்துச்சு?"

வடிவு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். கூடப் பிறந்தவனே இப்படிப் பேசினால் அவள் யாரை நம்புவாள்? பூதலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு காதைக் கொடுத்தான்.

ஊசி ஏறியது. அவன் போட்ட சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டது. உலகம்மை இரண்டு கையையும் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

வடிவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளையை வாரி எடுத்து முத்தம் கொடுத்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ரெண்டாவது தடவையும் ஒரு சொட்டு விட்டாளா பாருங்க எம்பிள்ளை!"

பிறகு தம்பியின் பக்கம் திரும்பி முகத்தைச் சுளித்தாள்.

"எருமை மாதிரி வளந்திருக்கே, வெக்கமா இல்லையாலே? வாயை மூடு. உனக்கா குத்துதாங்க?"