செம்மண் பாறையில் மூன்று கால்தடங்கள்

நெடுவனத்து விலங்குகள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு பாறையில் எழுதி வைத்தன. எந்தக் காயில் விஷம், எந்தப் பொந்தில் தேன், எந்தச் சரிவில் காட்டுத் தீ முதலில் பிடிக்கும், எல்லாம் அதில் இருந்தது. சிங்கம் கட்டளையிட்டு எழுதியது அல்ல. யானையும் எழுதியது, எலியும் எழுதியது. உதிர்ந்த முள் ஒன்றைச் செம்மண் குழம்பில் தோய்த்தால் போதும், யார் வேண்டுமானாலும் எழுதலாம். வேறு எந்தக் காட்டிலும் அப்படி ஒரு பாறை இல்லை.

எழுதுவதற்கு முறை இருந்தது. தன்னைப் பற்றித் தானே எழுதக் கூடாது. ஒரு வரி நிலைக்க வேண்டுமானால், வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த மூன்று பேர் அதன் கீழே கால்தடம் பதிக்க வேண்டும். ஒரு வரியை அழிப்பவர், ஏன் அழித்தேன் என்று அங்கேயே எழுத வேண்டும்.

கூராயி என்ற முள்ளம்பன்றிக்கு அந்தப் பாறை என்றால் உயிர். அது பாறைக்குத் தலைவி அல்ல. அங்கே தலைவர் என்று யாருமே இல்லை. இருந்தாலும் அது தினமும் வந்து புதிய வரிகளைப் படிக்கும். சரியான வரி ஒன்றைக் கண்டால் பெருமையில் அதன் முட்கள் சலசலக்கும்.

அந்தக் கோடையில் மான்கள் நீர் குடித்து வந்த குட்டை வற்றிப் போனது. மறுநாள் காலை பாறையில் இப்படி ஒரு வரி இருந்தது:

"கருமடுவில் வாழும் முதலை இறைச்சியை விட்டுவிட்டது. இப்போது பாசி மட்டுமே தின்கிறது. எல்லோரும் அச்சமின்றி அங்கே நீர் குடிக்கலாம்."

அதன் கீழே மூன்று கால்தடங்கள். கொக்கு, குரங்கு, அணில்.

கூராயியின் முட்கள் சலசலக்கவில்லை.

பின்னால் மான் கூட்டம் வந்து நின்றது. கூட்டத்தின் தலைவி பொன்னிறத்தாளின் குட்டி நாக்கு வறண்டு அதன் காலடியில் படுத்துவிட்டது.

"கூராயி, படிச்சுட்டியா? நாங்க கருமடுவுக்குக் கிளம்புறோம்!" என்றது பொன்னிறத்தாள்.

"கொஞ்சம் பொறு, தாயே. ஒரு வார்த்தை விசாரிச்சுக்கிறேன்."

"இன்னும் என்ன விசாரணை? மூணு கால்தடம் இருக்கு. நீங்க வச்ச முறைதானே!"

கூராயிக்குச் சுருக்கென்றது. முறைப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அது மரத்தை அண்ணாந்து பார்த்து, "அணில் தம்பி, கீழே வா! முதலை பாசி தின்னதை நீ பார்த்தியா?" என்று கேட்டது.

"நான் எதுக்கு அந்தப் பக்கம் போறேன்? குரங்கண்ணன் சொன்னாரு. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு காலை வச்சேன்."

குரங்கு அடுத்த கிளையில்தான் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. "ஏன் என்னை முறைக்கிறே? நான் என்ன இட்டுக்கட்டியா சொன்னேன்? நம்ம பாறையிலேயே எழுதியிருந்துச்சு! பாறையை நம்பாம வேற எதை நம்புறது?"

"நீ படிச்சப்போ அதுல எத்தனை கால்தடம் இருந்துச்சு?"

"ஒண்ணு. கொக்கோடது."

கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி கழுத்தை நீட்டியது. "எல்லாரும் என்னையே ஏன் பார்க்கிறீங்க? ஊரே சொல்லுது. இதோ, அணிலே சொல்லுதே!"

"அணில் குரங்கைக் கேட்டுச்சு. குரங்கு பாறையைப் படிச்சுச்சு. பாறையில எழுதினது நீ. உனக்கு யார் சொன்னது?"

"முதலையே என்கிட்ட சொல்லுச்சு! அது வயித்தைப் பத்தி அதைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?"

குரங்கு சிரித்துவிட்டது. "அதான் கருமடுக் கரையில உனக்கு மட்டும் மீன் பிடிக்க இடம் கொடுத்திருக்கா? பலே!"

"அப்போ இது முதலை தன்னைப் பத்தித் தானே எழுதின வரி. கால் மட்டும்தான் உன்னோடது" என்றது கூராயி.

ஈரமான இலையால் அந்த வரியை அது அழித்தது. அந்த இடத்தில், "பார்த்தவர் யாரும் இல்லாததால் அழித்தேன்" என்று எழுதித் தன் கால்தடத்தைப் பதித்தது.

பொன்னிறத்தாளுக்குக் கண்கள் கலங்கின. "நீ பாட்டுக்கு அழிச்சுட்டே! என் பிள்ளைக்கு யார் தண்ணி கொடுப்பா?"

"பாறைதான் கொடுக்கும். இங்கே வந்து பார்!"

பாறையின் மறுபக்கத்தில் பழைய வரி ஒன்று இருந்தது. "வேங்கைமர ஓடையில், வளைவுக்குக் கீழே மணலைத் தோண்டினால் ஊற்று வரும். தோண்டிக் குடித்தோம்." அதன் கீழே யானை, காட்டுப்பன்றி, எறும்புதின்னியின் கால்தடங்கள் இருந்தன.

"அது ஏத்தமான வழி. தோண்டுறதுக்கு எங்களுக்கு நகமும் இல்லையே" என்றது பொன்னிறத்தாள்.

"எனக்கு இருக்கு. நட!"

வெயிலில் மூச்சு வாங்க எல்லோரும் ஏறினார்கள். தாய் குட்டியை முட்டி முட்டி நடக்க வைத்தது. ஓடை காய்ந்து கிடந்தது. கூராயி வளைவுக்குக் கீழே தோண்டியது. மணல், மேலும் மணல். மான்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. கூராயி தலை நிமிராமல் தோண்டியது. மணல் கறுத்தது. பிறகு ஈரமானது. பிறகு குழியின் அடியில் தண்ணீர் கண் திறந்தது. குட்டி முகத்தைக் குழிக்குள் விட்டு மடக் மடக்கென்று குடித்தது.

கூராயியின் முட்கள் அத்தனையும் சலசலத்தன. என்றோ வந்து குடித்துப் போன மூன்று பேர், முகம் தெரியாத ஒரு குட்டிக்காக எழுதி வைத்த தண்ணீர் அல்லவா அது!

கருமடுவில் முதலை பொழுது சாயும் வரை காத்திருந்தது. ஒரு மானும் வரவில்லை.

"எங்கேடா கூட்டம்?" என்று கரையில் நின்ற கொக்கிடம் உறுமியது.

"அண்ணே, வரியை அழிச்சுட்டாங்க. நீங்க இன்னிக்கு ஒரு நாள் நிஜமாவே பாசியைத் தின்னு..."

"பாசியா!" முதலை வாயைத் திறந்து பாய்ந்தது. கொக்கு தப்பியது. வால் சிறகுகள் தப்பவில்லை.

மறுநாள் காலை கொக்கு பாறைக்கு ஓடி வந்தது. "முதலை இறைச்சிதான் தின்னுது! எழுதுங்க! இதோ என் கால்தடம்!"

"உன் கதையை நீயே எழுத முடியாது, கொக்கே. பார்த்தவங்க வேணும்" என்றது கூராயி.

அப்போது அணில் மெல்ல இறங்கி வந்தது.

"நான் பார்த்தேன் அக்கா. நேத்து சாயங்காலம் நானே கருமடுவுக்குப் போய், நாவல் மரத்து உச்சியில உட்கார்ந்து, இந்த ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா பார்க்காம காலை வச்சது அதைவிட உறுத்துச்சு."

கூராயி முள்ளைச் செம்மண்ணில் தோய்த்து அணிலிடம் நீட்டியது. அணில் தானே எழுதி, அதன் கீழே தன் சின்னக் கால்தடத்தைப் பதித்தது. தாங்களும் கண்ணால் பார்த்துவிட்டு வந்தே கால் பதிப்பதாகச் சொல்லி, குரங்கும் அடுத்த கிளையில் இருந்த ஒரு மைனாவும் கருமடுவை நோக்கிக் கிளம்பின.

ஒரு செய்தியை எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதைவிட, அதைக் கண்ணால் கண்டவர் யார் என்று கேட்பதே எல்லோரையும் காக்கும்.