இருபத்து மூன்றாவது மாடு

எத்தியோப்பியாவின் பாலே மலைகளில், மேகம் தரையில் வந்து உட்காரும் உயரத்தில், செந்நிற ஓநாய்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத் தொலைதூரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். கூட்டிப்போய்க் காட்டுவது வழிகாட்டிகளின் வேலை. அந்த வேலையில் கெடிஜா என்ற பெண்ணுக்குப் பெரிய பெயர்.

அவரிடம் தொழில் கற்க வந்த ஜிலோ, அவரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். முப்பது வருடம் மாடு மேய்த்தவர். ஜிலோ அவரை ஆசான் என்பார். கெடிஜா இவரை அண்ணா என்பார்.

அன்று ஜிலோவுக்குத் தேர்வு. அவர் முன்னால் நடந்து ஓநாயைக் காட்ட வேண்டும். கெடிஜா பின்னால் வந்து அறிக்கை எழுதுவார். தேறினால் வழிகாட்டி அட்டை. ஏற்கெனவே இரண்டு முறை தவறிவிட்டது. நான்காவது வாய்ப்பு யாருக்கும் கிடையாது. மாட்டுக்காரன் கண்ணுக்கு மாடுதான் தெரியும் என்று ஜீப் ஓட்டுநர் காலையிலேயே சொல்லிச் சிரித்திருந்தார்.

பயணிகள் பின்லாந்திலிருந்து வந்த இரண்டு பள்ளி ஆசிரியைகள். மறுநாள் அவர்களுக்கு விமானம்.

ஜிலோ மேய்ச்சல் கோலை வீட்டிலேயே விட்டிருந்தார். கழுத்தில் புது பைனாகுலர். ஒரு மேட்டில் ஏறித் தூரத்தைத் துழாவினார். அடுத்த மேட்டில் ஏறினார். அதற்கும் அடுத்ததில் ஏறினார். வழியில் ஒரு மாட்டு மந்தை குறுக்கே வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

நண்பகல் ஆயிற்று. ஆசிரியைகள் பூக்கள் அழகாக இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் குறை சொல்லியிருந்தால்கூட ஜிலோவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவர் கெடிஜாவிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆசான், ஓநாய் எங்கே?"

கெடிஜா ரொட்டி தின்றுகொண்டிருந்தார். கீழே பள்ளத்தில், பனிமூட்டத்துக்குள் அதே மந்தை மேய்ந்துகொண்டிருந்தது.

"அந்த மாடுகள் எத்தனை, அண்ணா?"

ஜிலோவுக்குச் சுருக்கென்றது. இவருமா கேலி செய்கிறார் என்று நினைத்தார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. கண் தானாக ஓடி முடித்துவிட்டது.

"இருபத்து மூன்று."

"மேய்க்கிறவளைக் கேட்டுவிடலாம்."

எல்லோரும் இறங்கிப் போனார்கள். மேய்க்கிற பெண் இருபத்திரண்டு என்றாள். ஜிலோ இல்லை என்றார். அட்டை போனால் போகட்டும், அவருடைய எண்ணிக்கை தவறியதாக யாரும் சொன்னதில்லை. அவள் விடுவாளா? ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். ஜிலோவின் விரல் கூடவே நகர்ந்தது. இருபத்திரண்டு பெயர்கள் முடிந்தன. விரல் ஓரிடத்தில் நின்றது.

"அந்த நொண்டிப் பசுவுக்குப் பின்னால் ஒரு செவலைக் கன்று நிற்கிறதே, அது யாருடையது?"

"என்னிடம் செவலைக் கன்றே கிடையாது. மலை ஏறினால் கண் போய்விடுமா உங்களுக்கு?"

கன்று தலையைத் தூக்கியது. காதுகள் கூர்மையாக நின்றன. இரண்டு அடி வைத்தது. நாலு காலும் தரையை விட்டு எழும்பித் தாவி, மண்ணில் மூக்கைக் குத்தி, வாயில் ஓர் எலியோடு நிமிர்ந்தது. மாடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஓர் ஆசிரியை ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வழிந்தது.

இதற்கா இத்தனை தூரம் வந்தார்கள் என்று மேய்க்கிற பெண் ஆச்சரியப்பட்டாள். அது தினமும் வருவதுதானாம். மாடுகளுக்கு நடுவே நின்றால் எலிகளுக்கு அது தெரியாதாம்.

ஓநாய் அரை மணி நேரம் வேட்டையாடியது. பைனாகுலருக்கு வேலை இருக்கவில்லை. ஜிலோ அதன் ஒவ்வொரு தாவலுக்கும் தானும் சற்று எம்பினார். அவருக்கே அது தெரியவில்லை.

திரும்பும்போது ஜீப்பில் கெடிஜா மடியில் காகிதத்தை வைத்து எழுதினார். ஜிலோ அவர் பக்கம் திரும்பினார்.

"நான் ஓநாயைக் கண்டுபிடிக்கவில்லை, ஆசான். அறிக்கையில் என்ன எழுதப் போகிறீர்கள்?"

கெடிஜா பேனாவை மூடினார்.

"எழுதியாகிவிட்டது, அண்ணா. மாடு எண்ணுவதில் ஒன்று பிசகுகிறார், அட்டை கொடுக்கலாம் என்று."