ஷீபா படுத்த இடம்

வேட்டி நுனி மறுபடியும் இழுபட்டது. மாசிலாமணி கண்ணைத் திறக்கவில்லை. காலைத் தியான அமர்வில் திறக்கக் கூடாது.

ஈர மூக்கு ஒன்று அவர் முழங்கையைத் தொட்டது. பிறகு பிலோமினாவின் தோளை. பிறகு டீச்சரின் பாதத்தை. நகங்கள் சிமெண்டுத் தரையில் தட்டிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போயின. சரிவில் எதுவோ இறங்கும் சத்தம். சற்று நேரத்தில் மூச்சிரைக்க அது திரும்பி வரும் சத்தம். மறுபடி முழங்கை, தோள், பாதம். மறுபடி சரிவு.

மணி அடித்ததும் மாசிலாமணி எழுந்தார். வேட்டியில் ஓட்டை விழுந்திருந்தது.

"டீச்சர், இந்த நாயை எப்படித்தான் உட்கார வைக்கிறது?"

டீச்சர் மணியைத் துணியால் மூடிவைத்தார். தாண்டிக்குடிக்கு மேலே, காபித் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்தச் சிறிய தியான இல்லத்தை அவர்தான் நடத்திவந்தார். முன்பு பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவர். மாசிலாமணியைவிட மிகவும் இளையவர். அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"உட்கார மாட்டேங்குதா?"

"உட்காரவும் இல்லை, படுக்கவும் இல்லை. ராத்திரியும் இதே நடைதான். முதல்ல இந்தக் கதவையாவது சாத்திருவோம் டீச்சர். பனியெல்லாம் உள்ள வருது."

"கதவு இருக்கட்டும்."

ஷீபா வளர்ந்த ஜெர்மன் ஷெப்பர்ட். வெளிநாட்டுக்குப் போன எஸ்டேட் குடும்பம் ஒன்று அதை இங்கே விட்டுச் சென்றது. யார் வளர்க்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டபோது மாசிலாமணிதான் கையைத் தூக்கினார். அவர் பூனைகூட வளர்த்ததில்லை. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை டிரைவர்களைச் சமாளித்தவனுக்கு ஒரு நாயா பெரிது என்று நினைத்தார்.

முதலில் தயிர் சோறு போட்டார். வயிற்றால் போயிற்று. கால்நடை டாக்டர் சிரித்துவிட்டார்.

"முட்டை குடுங்க சார். இது மந்தைக்குப் பின்னாடி ஓடப் பிறந்த ஜாதி. உங்க இல்லத்துல ஆடு எங்கன்னு தேடிக்கிட்டு இருக்கும்."

இல்லத்துச் சமையலறைக்குள் முட்டை வராது. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிலோமினா வெளியே கல் கூட்டி வேகவைத்துக் கொடுத்தார். மாசிலாமணி தன் பழைய விசிலை எடுத்து ஊதிப் பழக்கப் பார்த்தார். நாய் திரும்பவில்லை. கீழே மோட்டார் ரூமிலிருந்து சந்தானத்தின் குரல்தான் வந்தது.

"என்ன டைம் கீப்பர், பஸ் கிளம்பிருச்சா?"

சந்தானம் ராத்திரி லாரி ஓட்டியே வயதானவர். விடியும் நேரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் அவருக்குக் குறட்டை வந்துவிடும். ஷீபா வந்த மறுநாள் காலை, அமர்வுக்கு நடுவில், மாசிலாமணியால் பொறுக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். "தூங்கறதுக்கு இவ்வளவு தூரம் மலையேறி வரணுமாய்யா? லாரி ஷெட்டுல கட்டில் கிடையாதா?"

சந்தானம் எழுந்தார். பாயைச் சுருட்டிக்கொண்டு சரிவில் இறங்கி மோட்டார் ரூமுக்குப் போனார். அன்றிலிருந்து அங்கேதான். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

"கோழிப் பண்ணைக்காரர் நாளைக்கு வரேங்கறார்," என்றார் மாசிலாமணி. "காவலுக்குக் கேக்கறார். ரெண்டு ஷெட்டுக்கும் நடுவுல கம்பி இழுத்து, அதுல சங்கிலியை மாட்டி விட்டுருவாராம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாயங்காலம் சொல்றேன்னேன்."

ஷீபா வாசலில் நின்று சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தது. காதுகள் இரண்டும் விறைப்பாக நின்றன.

"நான் ஷேவ் பண்ணும்போது வந்து, என் கால் மேல தாடையை வைக்கும் டீச்சர். ஒரு நிமிஷம். அதுக்குள்ள எந்திரிச்சு ஓடிரும். கட்டிப் போட்டுப் பார்த்தேன். கழுத்துதான் புண்ணாச்சு." அவர் குரல் இறங்கியது. "அதுக்கு என்னைப் பிடிக்கலையோ என்னமோ."

"அது என்ன தேடுது?"

"என்னத்தைத் தேடும்? திமிரு."

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார். "ஒரு நடை போயிட்டு வரலாம். எல்லாரும்."

"எல்லாரும்னா?"

டீச்சர் சரிவின் விளிம்புக்குப் போய்க் குரல் கொடுத்தார். "சந்தானம் அண்ணே, கொஞ்சம் மேல வாங்க."

காபிச் செடிகளுக்கு இடையே பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் டீச்சர் நின்றார்.

"சார், நீங்க மேல போங்க. அண்ணே, நீங்க கீழ. நாங்க ரெண்டு பேரும் இங்கயே நிக்கிறோம்."

"எதுவரைக்கும்?"

"போய்க்கிட்டே இருங்க."

மாசிலாமணி ஏறினார். ஷீபா அவரைக் கடந்து ஓடி, பாதையின் குறுக்கே உடம்பைப் போட்டு நின்றது. அவர் விலகி நடந்தார். அது முழங்காலில் தோளை வைத்துத் தள்ளியது. குரைக்கவில்லை. அவர் நிற்காததைக் கண்டு செடிகளுக்குள் பாய்ந்து கீழே இறங்கியது. கீழே சந்தானத்தின் சிரிப்புக் கேட்டது.

"ஏய், ஏய், வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்றியா?"

அது மேலே வந்தது. கீழே போனது. மேலே வந்தது. அதன் நாக்கு பக்கவாட்டில் தொங்கியது. மறுபடி அவர் வழியை மறித்தபோது, அது நின்ற கல்லில் சிவப்பாக ஏதோ பதிந்திருப்பதை மாசிலாமணி பார்த்தார். வெட்டிவிட்ட காபிக் கட்டை எதிலோ பாதம் கிழிந்திருந்தது.

"ஷீபா, உட்காரு. போதும், உட்காரு."

அது அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு கீழே ஓடியது.

மேட்டிலிருந்து பார்த்தால் பாதை முழுவதும் தெரிந்தது. அது ஓடும் வழியை அவர் முதன்முறையாகப் பார்த்தார். அது யாரையும் நோக்கி நேராக ஓடவில்லை. சந்தானத்துக்கு அப்பால் போய், வெளிப்பக்கமாக வளைந்து, உள்ளே பார்த்து நின்றது. டீச்சரையும் பிலோமினாவையும் அப்படியே வளைந்து வந்தது. அவரிடம் வந்தபோதும் அவருக்கு அந்தப் பக்கம் போய்த்தான் திரும்பியது. நொண்டிக்கொண்டு வந்தாலும் வளைவு தப்பவில்லை.

மாசிலாமணி இறங்க ஆரம்பித்தார். ஷீபா அவர் பின்னால் வந்தது, குதிகாலுக்கு வெகு அருகில். டீச்சர் நின்ற இடத்தைத் தாண்டினார். கீழே சந்தானம் நின்றுவிட்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"வாங்க," என்றார் மாசிலாமணி.

"எங்க?"

"மேல. அது கால்ல ரத்தம்."

நான்கு பேரும் பாதை பிரியும் இடத்தில் ஒன்றாக நின்றார்கள். ஷீபா அவர்களை ஒரு முறை சுற்றியது. ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தது. பிறகு நடுவில் வந்து, முன்னங்கால்களை நீட்டி, ஒரு பெரிய மூச்சு விட்டுப் படுத்தது. கண்ணை மூடியது.

அது கண் மூடி மாசிலாமணி பார்த்ததே இல்லை.

பிலோமினா காயத்தைப் பார்க்கக் குனிந்தார். டீச்சர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ரத்தம் நின்றிருந்தது. விலா ஏறி இறங்கியது. கீழே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து செடிகளை ஒவ்வொரு வரிசையாக மறைத்துக்கொண்டு வந்தது. தோட்டம் மறைந்தது. பாதைகள் மறைந்தன. ஒரு நாயும் அதைச் சுற்றி நான்கு பேரும் மட்டும் மிச்சமிருந்தார்கள். யாரும் அசையவில்லை. மாசிலாமணி மூச்சை மெதுவாக விட்டார்.

"எவ்வளவு நேரம் நிக்கிறது, டைம் கீப்பர்?" சந்தானம் கிசுகிசுத்தார்.

"அது எந்திரிக்கிற வரைக்கும்."

"கால் மரத்துப் போச்சுய்யா."

"என் தோளைப் பிடிச்சுக்கங்க. பேசாதீங்க."

சந்தானம் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மாசிலாமணி கோழிப் பண்ணைக்காரருக்கு ஃபோன் செய்து வர வேண்டாம் என்றார். அவர் காரணம் கேட்டார்.

"இங்கயே அதுக்கு வேலை இருக்கு."

மறுநாள் விடிவதற்கு முன் சரிவில் இறங்கி, மோட்டார் ரூம் கதவைத் தட்டினார். சந்தானம் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன?"

"நேரமாச்சு. எந்திரிங்க."

"குறட்டை வருமே."

"வரட்டும்."

"அப்புறம் கட்டில் இல்லையான்னு கேப்பீங்க."

"கேக்க மாட்டேன்."

"மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தை வராதோ வாயில?"

"பாயை நான்தான தூக்கறேன்?" மாசிலாமணி அதைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டார். "வாங்க."

அமர்வில் மாசிலாமணி அன்று கண்ணை மூடவில்லை. கட்டுப் போட்ட காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஷீபா வந்தது. முழங்கை. தோள். பாதம். பிறகு சந்தானத்தின் முழங்கால். அங்கே அதிக நேரம் முகர்ந்தது. வாசலை ஒரு முறை பார்த்தது. வெளியே போகவில்லை. பாய்களுக்கு நடுவில் படுத்தது.

சற்று நேரத்தில் குறட்டை தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு மேட்டில் ஏறும் லாரிபோல. அந்தச் சத்தத்தில் ஷீபாவின் காதுகள் விறைக்கவில்லை. ஒன்று தளர்ந்தது. பிறகு மற்றது.

நேரம் முடிந்தது. டீச்சர் மணியை எடுத்தார். தூங்குகிற இரண்டு பேரையும் பார்த்தார். மணியின் நாக்கை விரலால் பிடித்து, சத்தமில்லாமல் அதைக் கீழே வைத்தார்.

மாசிலாமணி அவர் பக்கம் சாய்ந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, டீச்சர்?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

டீச்சர் ஷீபாவின் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவர் போன அன்னைக்கு நானும் எண்ணிப் பார்த்தேன் சார். ஒருத்தர் குறைஞ்சது. கதவைத் திறந்து வெச்சுட்டு, கண்ணை மூடி உட்கார்ந்துட்டேன்." குரல் இன்னும் தணிந்தது. "ஷீபா மூடலை."

பனி உள்ளே வந்தது. சந்தானம் தூக்கத்தில் முதுகைக் குறுக்கிக்கொண்டார். மாசிலாமணி எழுந்து, நாயைச் சுற்றிக்கொண்டு போய், கதவைச் சாத்தினார்.