கால் பார்த்து வாங்கிய மாடு

“‘கறிக்கு வாங்குற மாட்டுக்குக் கால் எதுக்கு? காலையா பந்தியில வைக்கப் போறோம்?’ போன ஈஸ்டருக்கும் இதையேதான் கேட்டீங்க, ஒரு சொல் மாறல” என்றாள் ரெஜினா. “கேட்டுட்டு நொண்டி மாட்டை ஓட்டிட்டு வந்தீங்க. அது பாதி வழியில படுத்துக்கிச்சு. பொண்ணு பார்க்க வந்தவங்களுக்கு நான் சாம்பார் ஊத்தினேன்.”

“சாம்பார் நல்லா இருந்துச்சுன்னு சம்பந்தியம்மா இன்னும் சொல்றாங்களே” என்றார் கணவர் மரியநேசன், பெருமையாக.

“ஊர் பூரா சொல்றாங்க. அதுதான் எனக்கு எரியுது.”

மறுநாள் மகளுக்கு நிச்சயம். இந்த முறை மாட்டுக்கறி விருந்து என்று ரெஜினா வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆற்றுப் பாலம் உடைந்து கிடந்ததால் வண்டி வராது. சந்தையிலிருந்து தங்கள் ஊர் ஓடக்கரைப்பட்டிவரை மாடு தன் காலால்தான் நடந்து வரவேண்டும். போய் வாங்க மூன்று பேர்: மரியநேசன், அவர் தம்பி பங்கிராஸ், ரெஜினாவின் சொந்தத் தம்பி யாகப்பன். புகுந்த வீட்டில் மூளைக்குப் பஞ்சம் என்று அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போனதற்கு இந்த யாகப்பன்தான் காரணம்.

“மேலே பார்க்காதீங்க, கீழே பாருங்க” என்று பாடம் நடத்தினாள். “குளம்பு வளர்ந்திருந்தா சீவச் சொல்லுங்க. அப்புறம் கெட்டித் தரையில நிறுத்துங்க, நாலு காலும் ஒண்ணு போல ஊணணும். கடைசியா நடக்கவிட்டு, பின்னாடி நின்னு நடையைப் பாருங்க.”

மூவரும் பூசையில் நிற்பதுபோல் நின்று கேட்டார்கள். அப்போதே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

நம்பிக்கை இல்லாமல் தானும் கூடப் போனாள். வழியில் திரும்பிப் பார்த்தால், பங்கிராஸ் தலையில் அவர்கள் வீட்டு வாசல் கதவு.

“என்ன கொழுந்தனாரே இது?”

“கெட்டித் தரை, மைனி. ராத்திரி மழை பெய்ஞ்சிருக்கு. சந்தை முழுக்கச் சேறாத்தான் கிடக்கும்.”

சந்தைக்குள் நுழைந்ததும் அவள், பட்டை கிராம்பு வாங்க வேண்டும் என்று மசாலாக் கடைப் பக்கம் போய்விட்டாள். அதன்பின் நடந்ததைப் பிற்பாடு மூன்று பேரிடமும் தனித்தனியாக விசாரித்தாள். மூன்றும் ஒத்துப்போயின. அதுதான் கொடுமை.

மாடு வாங்குவதில் சிக்கலே இல்லையாம். முன்னங்கால் குளம்பு இரண்டும் நீண்டு மேலே வளைந்திருந்தன. லாடம் கட்டுகிறவர் மாட்டைச் சாய்த்துப் படுக்கவைத்து, அழகாகச் சீவிவிட்டார். பிறகு சேற்றில் கதவைப் போட்டு அதன்மேல் ஏற்றினார்கள். கதவு ஒரு பக்கமாக ஆடியது.

“மாடு நொண்டுது” என்றார் மரியநேசன்.

“மாடு சும்மா நிக்குது அத்தான். கதவுதான் நொண்டுது” என்றான் யாகப்பன்.

“கதவுக்கு ஏது காலு?”

“நாலு மூலை இருக்கே.”

பங்கிராஸ் குனிந்து கதவின் மூலையைத் தடவிப் பார்த்தான். “அப்போ மைனி சொன்னதுதான். வளர்ந்திருந்தா சீவணும்.”

லாடக்காரர் கூலி கொடுத்தால் கோயில் தேரையும் சீவக்கூடியவர். வலது மூலையைச் சீவினார். கதவு இடப்பக்கம் சாய்ந்தது. இடது மூலையைச் சீவினார், பின்பக்கம் தூக்கியது. இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கதவு உட்கார்ந்து சாப்பிடும் மணைப்பலகை அளவுக்கு வந்ததும் ஆட்டம் நின்றது. அதில் மாட்டின் ஒரு கால்தான் வைக்க முடிந்தது. ஆகவே ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துப் பார்த்தார்களாம். நாலும் தங்கம்.

மசாலாப் பொட்டலத்தோடு ரெஜினா திரும்பி வந்தபோது, மூவரும் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

“மாடு எங்க?”

“என்ன நடைங்கற” என்றார் மரியநேசன். “ஒரு கால்கூடத் தடுமாறல.”

“எங்கன்னு கேட்டேன்.”

“நடக்கவிட்டுப் பின்னாடி நின்னு பாருன்னியே. நின்னு பார்த்தோம். போயிருச்சு.”

“கயித்தை யார் பிடிச்சிருந்தது?”

“கயித்தைப் பிடிச்சா அது நம்ம இழுக்கிற நடை மைனி” என்றான் பங்கிராஸ், அவள் அறியாமையைப் பொறுத்துக்கொண்டு. “விட்டாத்தான அது சொந்த நடை.”

ரெஜினா மசாலாவைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு, குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் மூவரும் ஓடினார்கள். தடம் சந்தைக்குக் கீழே இருந்த குளத்தில் இறங்கியது. அங்கே கேரளாவுக்குப் போகிற மாடுகள் ஒரு பெரும் கூட்டமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ஓட்டி வந்தவர்கள் கரையில் துண்டை விரித்துத் தூங்கினார்கள்.

“நம்ம மாடு எது? சீக்கிரம் காட்டுங்க, அவங்க கிளப்பிருவாங்க.”

மூவரும் குனிந்து தண்ணீரையே பார்த்தார்கள்.

“கறுப்பா? செவலையா?”

“மேலே பார்க்காதேன்னு நீதானக்கா சொன்ன” என்றான் யாகப்பன்.

“கொம்பு? வால்? ஏதாவது ஒண்ணைப் பார்த்திருப்பீங்கல்ல?”

“முழங்காலுக்குக் கீழேன்னா தூக்கத்துலகூட அடையாளம் சொல்லுவேன்” என்றார் மரியநேசன்.

மாடுகள் எல்லாம் வயிறளவு தண்ணீரில் நின்றன. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. சம்பந்தியம்மா மறுநாள் வந்து இலைமுன் உட்கார்ந்து, “சாம்பாரா? சந்தோஷம்” என்று சொல்லப்போகும் குரல் ரெஜினாவுக்கு இப்போதே கேட்டது. அவள் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மனைவி உட்கார்ந்ததைப் பார்த்த மரியநேசனுக்குப் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, நீரோரம் வரை இறங்கி, அத்தனை மாடுகளையும் பார்த்துக் கைகூப்பினார்.

“எங்க மாடு எதுவோ, அது மட்டும் கொஞ்சம் காலைத் தூக்கிக் காட்டுய்யா.”