பாதிச் சவரம்

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். கேட்பாரற்ற நோயாளிகள் சிலர் அங்கே இருந்தார்கள். மடத்தை நடத்தியவரை எல்லோரும் மடத்தம்மா என்பார்கள். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அவருடைய சீடர் ஏகாம்பரத்துக்கோ பேரன் பேத்தி எடுத்த வயது.

ஏகாம்பரம் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கு வரும்போது வாசலில் நின்று ஆளின் பெயரை மூன்று தடவை கூவுவது அவர் வேலை. வராவிட்டால் உள்ளே போய், "கூப்பிட்டாச்சு, வரலை" என்பார். அதோடு அவர் பாடு முடிந்தது. அதற்குமேல் வாரண்டு.

ஒருநாள் காலை. பூசை முடித்துவிட்டு மடத்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் வந்து நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"உக்காந்து கேளுங்க ஐயா."

அவர் உட்காரவில்லை. "கோர்ட்டு போட்ட சேவையைப் பாதியில விட்டவனுக்கு என்ன கிடைக்கும்?"

அம்மா சிரித்தார். "அங்கேயே காலம் தள்ளுனவர் நீங்க. கீரை உருவுற என்கிட்ட கேக்குறீங்களே."

"சட்டப்படி ஜெயில்தாம்மா."

"அப்ப தெரிஞ்சுதானே இருக்கு."

"தெரியுது. நாளைக்குக் கோர்ட்டுல அதைச் சொல்லணும். நாக்குதான் வரமாட்டேங்குது."

அவர் சொன்னது வீரபத்திரனைப் பற்றி. வீரபத்திரன் மினி லாரி ஓட்டுகிறவன். குடித்துவிட்டு ஓட்டி, சாலையோரத்துக் கொய்யாப்பழ வண்டியில் மோதிவிட்டான். பழம் விற்ற பெண்ணுக்குக் கால் முறிந்தது. கடவுள் புண்ணியத்தில் எலும்பு கூடி நடக்கிறாள். முதல் தப்பு என்பதால் மாஜிஸ்திரேட் அம்மா அவனை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. தினமும் காலையில் மடத்து நோயாளிகளுக்குச் சேவை செய்யச் சொன்னார். பாதியில் விட்டால் ஜெயில் என்றும் சொன்னார். அவன் வருகிறானா என்று பார்த்துக் கோர்ட்டுக்குச் சொல்லும் பொறுப்பு ஏகாம்பரத்துக்கு.

முதலில் உம்மென்றுதான் வந்தான். போகப்போக முகம் இளகியது. சூசை என்று ஒருவர், ஒரு கையும் ஒரு காலும் விழுந்துபோனவர். அவரைக் குளிப்பாட்டுவதும் சவரம் செய்வதும் இவன் வேலையானது.

ஒருநாள் மடத்தில் மதியச் சாப்பாடு போட ஒரு குடும்பம் காலையிலேயே வந்தது. அவர்கள் வீட்டுப் பெரியவரின் திதி. அவர்கள் வேறு யாருமில்லை, வீரபத்திரனின் மகளை நிச்சயம் செய்திருந்த சம்பந்தி வீட்டார். அவர்களிடம் அவன் கோர்ட்டு விஷயத்தை மூச்சு விடவில்லை. காலையில் லோடு அடிக்கப் போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தான். சூசைக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவன், வாசலில் அவர்கள் குரல் கேட்டதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பின்பக்கமாக ஓடிவிட்டான். சூசையின் வலது கன்னம் வழுவழுவென்று இருந்தது. இடது கன்னத்தில் நுரை.

அதற்குப் பிறகு நாலைந்து நாளாகியும் அவன் வரவே இல்லை.

அம்மா கீரையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். சவரக் கிண்ணத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு சூசையிடம் போனார். ஏகாம்பரமும் பின்னால் போனார்.

"சூசை ஐயா, மீதியை நான் எடுத்து விடட்டுமா?"

சூசை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேணாம்மா. பாதி எடுத்தவன் மீதியும் எடுப்பான்."

"கண்ணாடி பாத்தீங்களா?"

"பாத்தேனே. இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் சாமியார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிறாங்க."

அம்மா ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க வீரபத்திரனைக் கூப்பிட்டீங்களா ஐயா?"

"கூப்பிடாம இருப்பேனா? தினமும் காலையில மூணு தடவை கூப்பிட்டேன்."

"ஆமாம்மா," என்றார் சூசை. "டவாலியார் தொண்டைக்கு மலையில குரங்கெல்லாம் ஆஜராயிடுச்சு. அவன்தான் வரலை."

"எங்க நின்னு கூப்பிட்டீங்க?"

"வாசல்ல நின்னுதான்."

"யார் வாசல்ல?"

ஏகாம்பரம் மடத்து வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா சவரக் கிண்ணத்தையும் கத்தியையும் அவர் கையில் கொடுத்தார். "சூசை ஐயாவையும் கூட்டிட்டுப் போங்க. வெயில் ஏறதுக்குள்ள கிளம்புங்க."

ரயில்வே கேட்டைத் தாண்டி வீரபத்திரனின் வீடு. ஏகாம்பரம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். வழியெல்லாம் சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாத் தள்ளுங்க டவாலியாரே. என் மாப்பிள்ளைப் பக்கத்தை எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."

"சும்மா வாய்யா. எனக்கு மானம் போகுது."

"மூஞ்சி என்னோடது. மானம் உமக்குப் போகுதாக்கும்!"

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஆண் செருப்பு ஒரு சோடி கிடந்தது. ஏகாம்பரம் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்திக் கூவ வாயெடுத்தார். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை விட்டுவிட்டு இவரையே பார்த்தார்கள். ஏகாம்பரம் அந்தச் செருப்பைப் பார்த்தார். கூவவில்லை.

கதவோடு நெருங்கி நின்று, "தம்பி, இருக்கியாப்பா?" என்றார்.

உள்ளே ஒரு பெண்குரல். "அப்பா, யாரோ வந்திருக்காங்க."

"நான் இல்லேன்னு சொல்லும்மா."

அது வெளியே நன்றாகவே கேட்டது. சூசை நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: "நீ இல்லேன்னா என் மீதிப் பாதியை யாருப்பா எடுக்குறது? அரிக்குதுப்பா."

பிறகு கதவு திறந்தது. வீரபத்திரன் சூசையின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு வந்தது அவனுக்கு. சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"இன்னுமா அண்ணே இப்படியே இருக்க?"

"வேற எப்படி இருக்கச் சொல்ற?"

"உள்ள வாங்க. தெருவே பாக்குது."

"இந்த வண்டி படியேறாது தம்பி," என்றார் ஏகாம்பரம்.

வீரபத்திரன் தெருவை ஒருமுறை பார்த்தான். குழாயடியைப் பார்த்தான். அதற்குள் அவன் மகள் ஒரு செம்பில் வெந்நீரும் தோளில் துண்டுமாக வந்து நின்றாள். "சூடு போதுமாப்பா?" என்றாள்.

அவன் கிண்ணத்தையும் கத்தியையும் வாங்கிக்கொண்டு அங்கேயே குனிந்தான். கத்தியைத் துண்டில் திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"பயப்படாம எடு," என்றார் சூசை. "நீ பழகுனதே இந்த மூஞ்சியிலதானே."

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சொல்ல அவன் சம்பந்தி வீட்டுக்குப் போனான்.

மறுநாள் கோர்ட்டில் புது டவாலி வீரபத்திரனின் பெயரைக் கூவினான். முதல் கூவல் அடங்கும் முன்னே வீரபத்திரன் உள்ளே போய் நின்றான். மாஜிஸ்திரேட் அம்மா ஏகாம்பரத்தைக் கேட்டார். "நடுவுல வரலைங்கம்மா. இப்ப வந்துட்டார்," என்றார் ஏகாம்பரம். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. செய்ததெல்லாம் கணக்கில் சேராது, முதலில் இருந்து மறுபடி செய்யவேண்டும் என்று உத்தரவானது. இன்னொரு தடவை விட்டால் நேரே ஜெயில்.

வீரபத்திரன் கையெடுத்துக் கும்பிட்டான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் மடத்துக்குத் திரும்பினார்கள். வந்த கையோடு அவன் சூசையின் துணிகளை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான்.

பந்தி முடிந்திருந்தது. அம்மா மிச்சச் சோற்றை மூடிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி வீட்டுல என்ன சொன்னாங்களாம் ஐயா?"

"அவங்க அன்னைக்கே இவரைப் பாத்துட்டாங்களாம்மா. சங்கடப்படுவாரேன்னு பாக்காத மாதிரி இருந்தாங்களாம். கோர்ட்டைப் பத்தியும் கேக்கலை, சவரத்தைப் பத்தியும் கேக்கலை."

"வேற என்ன கேட்டாங்க?"

"அந்த மனுசனை நுரையோட விட்டுட்டு ஏன் ஓடுனீங்கன்னு கேட்டாங்களாம். கல்யாணம் நிக்கலை."

அம்மா கண்ணை மூடி ஒரு நிமிடம் கை குவித்தார்.

ஏகாம்பரம் தயங்கித் தயங்கிப் பேசினார். "அம்மா, கோர்ட்டுல மூணு தடவைதான் கூப்பிடுவோம். அதுக்கு மேல கூப்பிட உத்தரவு இல்லை. என் சர்வீஸ்ல எத்தனையோ பேரு வரலை. அவங்க எல்லாம் எங்க இருந்தாங்கன்னு நான் நினைச்சதே இல்லை. இங்கே எத்தனை தடவைம்மா கூப்பிடணும்?"

அம்மா ஓர் இலையை எடுத்துத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். குழாயடியில் துணி அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டது.

"வீரபத்திரன் இன்னும் சாப்பிடலை," என்றார். "கூப்பிடுங்க."

ஏகாம்பரம் குழாயடி வரைக்கும் நடந்தார்.