எழுந்து நிற்காத முசே தெர்வால்

தப்பும் தவறுமாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் பெயர்கள் என் வாயில் நுழைவதே இல்லை. நடந்ததையாவது முன்பின் ஆக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

பிரான்ஸை ஓர் அரசர் ஆண்ட காலம். பாரிசில் ஒரு பாராளுமன்றம் இருந்தது. அரசர் அனுப்பும் தீர்மானத்தை அங்கே வாசிப்பார்கள். வேண்டும் என்பவர் எழுந்து நிற்க வேண்டும். வேண்டாம் என்பவர் உட்கார்ந்தே இருக்கலாம். வாக்கெடுப்பு அவ்வளவுதான்.

அந்தச் சபையின் வலது பக்கத்தில், குளிர்காயும் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் முசே தெர்வால் இருந்தார். முசே என்றால் நம் ஊர் ஐயா மாதிரி. பழைமைக் கட்சித் தலைவர். அவருடைய அப்பா உட்கார்ந்த நாற்காலி அது. ஆற்றுக்குப் பாலம் கட்டலாமா என்றார்கள், உட்கார்ந்திருந்தார். படகு கவிழ்ந்து அவர் தொகுதி ஆட்களே செத்தார்கள். கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு போய் அழுதுவிட்டு வந்தார். மறுபடி பாலம் என்றார்கள், மறுபடி உட்கார்ந்திருந்தார். ரொட்டி வரியைக் குறைக்கவும் எழவில்லை, சுரங்க வேலையிலிருந்து குழந்தைகளை விடுவிக்கவும் எழவில்லை. ஆள் அசையாததைக் கொள்கை உறுதி என்று ஊர் நினைத்துக்கொண்டது. தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்தார். கடைசியில் மந்திரி பதவியே தேடி வந்தது. பதவியேற்க நாளும் குறித்தாயிற்று.

அரசருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுபவள் மதாம் எலோதி. தெர்வால் பெயர் வந்தால் போதும், "இன்றும் முசே நன்றாக உட்கார்ந்தார்" என்று சேர்த்து வாசிப்பாள். அரசர் சிரிப்பார். இது தெர்வால் காதுக்குப் போயிற்று. அந்த வாயாடியை அரண்மனையை விட்டு விரட்ட வேண்டும் என்று அரசரிடம் ஒற்றைக் காலில் நின்றார். அதற்கு மட்டும் நிற்க முடிந்தது.

அரசருக்குப் பந்தயம் என்றால் உயிர். தெர்வால் முன்னாலேயே எலோதியைக் கூப்பிட்டார்.

"முசேயை ஒரு வாக்கெடுப்பில் எழுந்து நிற்க வை. நின்றால் உன் வேலை உனக்கு. நிற்காவிட்டால் மூட்டையைக் கட்டு."

தெர்வால் தொந்தி குலுங்கச் சிரித்தார். எலோதிக்கு வேறு பிழைப்பு கிடையாது. கொஞ்ச நேரம் யோசித்தாள். அரசர் பெயரில் ஒரே ஒரு தீர்மானம் அனுப்ப அனுமதி கேட்டாள். கிடைத்தது.

மறுநாள் சபைத் தலைவர் அதை வாசித்தார்.

"இன்று முதல் இந்த நாட்டில் எதுவும் மாறக் கூடாது. இருக்கிற சட்டம் இருக்கிறபடி. இருக்கிற ஆள் இருக்கிற இடத்தில்."

தெர்வாலுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க அவர் ஆசைப்பட்டது அதுதான். அப்புறம்தான் தாம் உட்கார்ந்திருப்பது உறைத்தது. எழாவிட்டால், மாற்றம் வேண்டும் என்று சொன்னதாகிவிடும். கட்சிக்காரர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவள் வேலை இப்போதைக்கு இருந்துவிட்டுப் போகட்டும், மந்திரியானதும் கவனித்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். முழங்கால் சடசடக்க எழுந்தார். அவரைப் பார்த்து வலது பக்கம் முழுக்க எழுந்தது. தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த நாள் புதுச் சரிகைக் கோட்டு போட்டுக்கொண்டு மந்திரியாகப் பதவியேற்க வந்தார். அரசர் பக்கத்தில் எலோதி செய்தித்தாளோடு நின்றாள்.

"எந்த மந்திரி, முசே?" என்றாள். "இருக்கிற ஆள் இருக்கிற இடத்தில் என்று நீங்கள்தானே எழுந்து நின்று சொன்னீர்கள்? போங்கள், நாற்காலி ஆறிவிடப் போகிறது."

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தோட்டத்தைப் பார்த்த பெரிய அறை ஒன்றை எலோதிக்குக் கொடுக்கச் சொன்னார்.

"வேண்டாம் அரசே. இடம் மாறினால் நானும் சட்டத்தை மீறினவள் ஆவேன்."

சொல்லிவிட்டு, மாடிப்படிக்கு அடியில் இருந்த தன் பழைய அறைக்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.